நீல விளக்கு

மேசைமேல் கண்ணெதிரில் இருக்கும் பிரிண்டரை, அப்படி எதுவுமே இல்லை என்று சாதித்தது கம்ப்யூட்டர். புது வைஃபை போட்டும் பலனில்லை. சகாயமேரியின் ஜெராக்ஸ் கடைக்கு வந்து பார்த்த மெக்கானிக் கலீல்தான் சங்கதியைக் கண்டுபிடித்தான்.

"இது இன்னும் அண்ணனோட செல்போன் ஹாட்ஸ்பாட்டத்தான் தேடிக்கிட்டிருக்குக்கா. அந்த போன் பக்கத்துல வந்தா தானாப் பிடிச்சுக்கும், இந்த லைட்டு மினுக்குறதும் நின்னுரும். ரீசெட் பண்ணிரவா? பழசெல்லாம் மறந்துரும்."

அவன் அண்ணன் என்றது அவள் கணவர் சவரியை. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று ஆடியில் போனவர், மார்கழி பிறந்தும் திரும்பவில்லை.

"வேணாம் தம்பி, தேடட்டும்" என்றாள்.

பிரிண்டரின் நீல விளக்கு நாளெல்லாம் மினுக்கிக்கொண்டே கிடந்தது. பிரிண்ட் கேட்டு வந்தவர்களை எதிர்க்கடைக்கு அனுப்பினாள்.

ஒரு மத்தியானம் மினுக்கல் நின்று, விளக்கு அசையாமல் எரிந்தது. சகாயமேரி வெளியே ஓடவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலையே பார்த்து நின்றாள். ஒரு டீ குடிக்கிற நேரம் அப்படியே எரிந்த விளக்கு, மறுபடி மினுக்கத் தொடங்கியது.

அவள் போனை எடுத்தாள்.

"தம்பி கலீலு, அந்த ரீசெட் பட்டன் எங்க இருக்கு?"