எதிர்ப் பக்கத்து மாப்பிள்ளை

"ஒரு பக்கம் போட்டோவும் பேரும், எதிர்ப் பக்கம் அவரோட குணம். அப்படித்தானே மேடம் நீங்க மெயில்ல அனுப்புற மாப்பிள்ளை புத்தகம்?"

"ஆமாம்மா" என்றார் திருமணத் தரகர்.

"அப்ப இவர் எழுதியிருக்கிறது அத்தனையும் புளுகு." வந்தவள் தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். "கலகலன்னு பேசுவாராம், பிரமாதமா சமைப்பாராம். கல்லுகூட ரெண்டு வார்த்தை பேசும் மேடம். இவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. தெரிஞ்சேதானே போட்டீங்க?"

தரகர் திரையை உற்றுப் பார்த்தார். "உங்க சாஃப்ட்வேர் பழைய வெர்ஷன்மா. முன் அட்டையைத் தனியா விடாம, அதையும் சேர்த்து ரெண்டு ரெண்டு பக்கமாக் காட்டுது. எல்லாம் ஒரு பக்கம் தள்ளிப்போய், முந்தின ஆளோட குணம் இவர் போட்டோவுக்கு எதிர்ல நிக்குது."

அதே கோப்பைத் தன் கணினியில் திறந்தார். அந்தப் போட்டோவுக்கு எதிரே, 'அதிகம் பேசமாட்டேன். சமைக்கத் தெரியாது' என்று இருந்தது.

"பாவம், உள்ளதைத்தான் எழுதியிருக்கார். நல்லவேளை, முடிவு பண்றதுக்கு முன்னாடி கேட்டீங்க."

வந்தவள் ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். ஸ்கூட்டரில் சாய்ந்தபடி அவள் கணவன் காத்திருந்தான். போட்டோவில் இருந்த அதே முகம்.

"மேடம்..." குரலைத் தாழ்த்தினாள். "அந்த முந்தின ஆளோட போட்டோவை ஒரே ஒரு தடவை காட்டுறீங்களா?"