பேய் கடைசியா எந்த ஊட்டுக்குப் போச்சு?

"இன்னாங்கடி, அதுக்குள்ள காத பொத்திகினீங்க? வெள்ளப் பொடவ வரும், கொலுசு சத்தம் வரும், நாய் ஊள உடும்னுதானே பாத்தீங்க? வராது. இந்த வாரம் பேய்க்கு ஒடம்பு சரியில்ல, லீவு சொல்லிடுச்சு!"

சொல்லிட்டு, லீவுன்னாலே மூஞ்சிய சுளிக்கிற சூப்பர்வைசர் பரந்தாமன் மாதிரியே ஞானம்மாள் ஒரு இருமல் இருமிக் காட்டினா. மேசை பூரா சிரிப்பு.

அம்பத்தூர் எஸ்டேட்ல அது ஒரு சின்ன ஸ்க்ரூ கம்பெனி. பொம்பளைங்க நீள மேசையில ஒக்காந்து ஸ்க்ரூவ பிளாஸ்டிக் கவர்ல போட்டு, மெழுகுவத்தி நெருப்புல கவர் வாய ஒட்டுவாங்க. கண்ணம்மா மட்டும் நெருப்பு பக்கம் வரமாட்டா. அவ பொண்ணு ஸ்டவ் வெடிச்சு செத்தது எல்லாருக்கும் தெரியும். அதனால கோடியில ஒக்காந்து ஸ்க்ரூ எண்ணிக் குடுக்கறதோட சரி. பேச்சும் கெடயாது.

ஞானம்மாள் எதையும் தொடமாட்டா. வாரப் பத்திரிகையில வர்ற பேய்க் கதைய படிச்சுக் காட்டறதுதான் அவ வேலை. கெழவன் கொரல், கொழந்தை கொரல், கதவு கிறீச்சுனு தொறக்கிற சத்தம், எல்லாம் அந்த ஒரு வாயிலயே வரும். அவ பங்கு பொட்டலத்த மத்தவங்க ஆளுக்குக் கொஞ்சமா பிரிச்சிகினு போட்டுடுவாங்க. அது அங்க ஏற்பாடு.

அன்னிக்கு வசந்தகுமாரிக்கு மட்டும் சிரிப்பு வரல. நேத்துலருந்து மண்டைக்குள்ள ஒரே கொடைச்சல்.

"யக்கா, புதுக் கதை கெடக்கட்டும். போன வருஷம் படிச்சியே, புருஷனும் மாமியாரும் கெணத்துல தள்ளிட்ட பொண்ணு பேயா வர்ற கதை, அத படமா எடுத்துட்டாங்க. நானும் ஜமீலாவும் மேட்னி போனோம்."

"நல்லா கீதா?"

"நல்லாத்தான் கீது. ஆனா வேற கதையா கீதே! நீ படிச்சப்போ, புருஷன், மாமியார் கதையெல்லாம் முடிச்சிட்டு பேய் அம்மா ஊட்டுக்கு வரும். ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, அம்மா மடியில கொஞ்ச நேரம் தலை வெச்சுப் படுத்துட்டு போயிடும். நாங்கல்லாம் அழுதோமே?"

"படத்துல?"

"அம்மாவயும் கழுத்த நெரிச்சிக் கொன்னுடுது!" ஜமீலா குறுக்க வந்தா.

"அதுக்கு ஒரு காரணம் வேற," வசந்தகுமாரி விடல. "அந்தப் பொண்ணு சாவறதுக்கு முன்னாடி அம்மா ஊட்டுக்கு அழுதுகினு வருது. அம்மாக்காரி திரும்ப அங்கயே அனுப்பிடறா. நீ படிச்சதுல அந்த எடமே வரலியே?"

ஞானம்மாள் தொண்டைய கனைச்சா. அவ கொரல்ல, வெத்தல போட்ட ஒரு படத் தயாரிப்பாளர் வந்து எறங்கிட்டாரு.

"'யோவ் டைரக்டரே, இன்னாய்யா, பேய் தண்ணி குடிச்சிட்டு தூங்கப் போவுதா? டிக்கட் வாங்கினவன் தெரைய கிழிச்சிடுவான்யா! சும்மா குந்திகினு கீறாளே அம்மாக்காரி, அவளயும் போடு!' அவ்ளோதான்டி. சினிமாக்காரன் புத்தி."

"அப்டின்னா கதை எழுதினவரு எப்டி ஒத்துகினாரு? போஸ்டர்ல அவரு பேரு இந்தா பெருசு போட்டுக்கீதே?"

டீ கொண்டாந்த சுலைமான் அடுக்கு டம்ளர கீழ வெச்சாரு. "எந்தப் படம்? அந்தக் கெணத்துப் பேயா? கதையிலயும் அதான்மா. எங்க ஊட்லயும் இந்தப் பத்திரிகைய வாராவாரம் வாங்கறோம். அம்மாதான் திருப்பி அனுப்புவா, பேய் கடசியில அவளத்தான் கொல்லும். மடியில படுக்கறதா? அது எங்கேர்ந்து வந்துச்சு?"

ஜமீலா கையில இருந்த கவர் கருகிப் போச்சு.

"இன்னா யக்கா, நீயே கட்டி உட்டியா?"

"கொரல மாத்தத் தெரிஞ்சவளுக்கு கதைய மாத்தத் தெரியாதா?" ஞானம்மாள் கண்ணடிச்சா. ஒருத்தியும் சிரிக்கல.

"வெரல சுட்டுகினு உன் பங்கையும் சேத்து ஒட்டினோமே, இதுக்கா?" வசந்தகுமாரிக்கு கோவம் பொத்துகினு வந்துச்சு. "இனிமே உன் பொட்டலத்த நீயே போடு. புக்க ஜமீலா படிக்கட்டும்."

ஞானம்மாள் பத்திரிகைய மூடி ஜமீலா பக்கம் தள்ளினா. ஒரு மெழுகுவத்திய தன் பக்கம் இழுத்துகினா. மொத கவரே கோணலா ஒட்டிச்சு.

வசந்தகுமாரிக்கு கோவத்துலயும் அந்தக் கொடைச்சல் போவல. "பேய் வந்தது, மாமியார் செத்தது, ஒண்ணுலயும் நீ கை வைக்கல. அம்மா வர்ற எடத்த மட்டும் ஏன் மாத்தின?"

"வேலைய பாரு வசந்தா." இப்ப வந்தது யாரு கொரலும் இல்ல, ஞானம்மாளோடதுதான்.

"இல்ல, சொல்லு. ஏன்?"

"அவள உடுங்கடி."

கோடியிலருந்து கண்ணம்மா. எண்ணிகினு இருந்த ஸ்க்ரூவ அப்டியே மேசையில கொட்டிட்டா.

"எம் பொண்ணும் அப்டித்தான் அழுதுகினு வந்துச்சு. 'அனுசரிச்சுப் போடி'ன்னு கையப் புடிச்சு பஸ் ஏத்தி உட்டவ நான். அடுத்த வாரமே ஸ்டவ்வு வெடிச்சுதுன்னு ஆள் வந்துச்சு. பஸ் ஏத்தின அன்னிக்கு திருவேற்காடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாடியே ஓடியாந்து, 'அனுப்பாத கண்ணம்மா'ன்னு கெஞ்சினது, பக்கத்து ஊட்டு இந்த ஞானம் ஒருத்திதான்டி."