கோணாத கோடு

“கோடு ஒரு இடத்திலயாவது கோணியிருக்கணும் சார்” என்றபடி காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள் அவள்.

மேலாளர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு மறுகாப்பீட்டுக் கம்பெனியின் பதினைந்து வருடக் கணக்கு. நூறு முதல் போட்டால் வருடத்துக்கு எவ்வளவு வருமானம் என்று புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்திருந்தாள். பன்னிரண்டு, பதினொன்றரை, பன்னிரண்டு, பன்னிரண்டரை. கோடு ஸ்கேல் வைத்து இழுத்தது போல இருந்தது.

“கோணலா இருந்தா குறை சொல்லலாம். நேரா இருக்கிறதுக்குமா குறை?”

“மத்த காப்பீட்டுக் கம்பெனிங்க தாங்க முடியாத நஷ்டத்தை எல்லாம் இவங்க தலையிலதான் சார் இறக்கி வைக்கும். பூகம்பம், வெள்ளம், புயல்னு எங்க அடிச்சாலும் இவங்களுக்கு வலிக்கணும். ஆனைக்கே அடி சறுக்கும். இவங்க பதினைஞ்சு வருஷமா சறுக்கவே இல்ல.”

அலுவலகத்தில் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். வைத்தவர் மேலாளர்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடத்தில் அந்தப் பெயருக்கு அவள் ஒரு குறையும் வைக்கவில்லை.

அவர்கள் பார்த்துக்கொண்டது பேருந்து ஓட்டுநர்களின் ஓய்வூதிய நிதி. பதினோரு மணிக்கு முதலீட்டை முடிவு செய்யும் ஓட்டுநர் குழு கூட வேண்டும். ஓட்டுநர்கள் அல்லவா, பத்து மணிக்கே வந்து பக்கத்து அறையில் உட்கார்ந்துவிட்டார்கள். நிதியில் ஒரு பெரிய பங்கை இந்தக் கம்பெனியில் போடலாம் என்று மேலாளர் எழுதி வைத்திருந்தார். கணக்கைச் சரிபார்த்ததாக அவள் கையெழுத்து மட்டும் பாக்கி.

“இத பாரும்மா, மூணு வருஷமா ஓய்வூதியத்துல ஒரு காசு கூட்டல. எங்க அண்ணனே முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தா, செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி ‘எப்படா கூட்டுவீங்க’ன்னுதான் கேக்கறார். இதுல போட்டா அடுத்த வருஷமே கூட்டிடலாம். பெரிய லாபம் எனக்கு வேணாம், முதலுக்கு மோசம் இல்லாம இருந்தா போதும். இந்தக் கோட்டைப் பாரு, முதலுக்கு மோசமே இல்ல.”

“மூணு வருஷம் முன்னாடி என்னதான் சார் ஆச்சு?”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு இல்லை.

“கடற்கரை இல்லம்னு ஒரு பத்திரம். நான்தான் வாங்கினேன். நூத்துக்கு எட்டு வட்டின்னான் தரகன். வீட்டு மேல போடற பணம் எங்க போயிடப் போகுதுன்னு நினைச்சேன். பேரைப் பார்த்தேன், பின்னாடி இருந்த முந்நூறு பக்கத்தைப் பார்க்கல. திடீர்னு ஒருநாள் ஒத்த வரியில கடிதம் வந்துச்சு, நிபந்தனைப்படி முதல் திரும்பாதுன்னு. வக்கீல்கிட்ட போனா, கையெழுத்து உங்களோடதுதானேன்னு கேட்டார். வீடு கட்டினவன் கையை விரிச்சுட்டான் போல. விடு, அதை இப்ப எதுக்குக் கிளறிக்கிட்டு.”

“அப்ப இதையாவது பல்லைப் பிடிச்சுப் பார்த்துடுவோம் சார்.”

“மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதும்மா.”

“அது தானமா வந்த மாட்டை. இது காசு கொடுத்து வாங்கற மாடு.”

பென்சில் முனையால் பன்னிரண்டாவது புள்ளியைத் தொட்டாள்.

“பெரும்புயல் அடிச்ச வருஷம். இதே தொழில்ல இருக்கிற மத்த மூணு கம்பெனிக்கும் அந்த வருஷம் முதலே கரைஞ்சிருக்கு. ஒண்ணுக்கு நூத்துக்கு ஆறு, ஒண்ணுக்கு ஒன்பது, ஒண்ணுக்குப் பதினாலு. இவங்களுக்கு மட்டும் பன்னிரண்டு லாபம். அந்த நஷ்டம் எங்க போச்சுன்னு சொல்லச் சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

மணி பத்தரை. பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. மேலாளர் வேறு வழியில்லாமல் அந்தக் கம்பெனியின் நிதி அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்து, இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார்.

அதிகாரிக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. தன் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றி யாரோ கேட்டுவிட்டது போலப் பேசினார்.

“அதுதான் மேடம் எங்க சாமர்த்தியமே. புயல் பாரத்தை நாங்க சுமக்கறதே இல்ல. முன்கூட்டியே பத்திரமா ஆக்கி வெளியில வித்துடுவோம். புயல் வராத வருஷம் வாங்கினவருக்கு நல்ல வட்டி. வந்துடுச்சுன்னா அவர் போட்ட முதல் எங்களுக்கு. அதை வெச்சு நஷ்டத்தைக் கட்டிடுவோம். எல்லாம் சட்டப்படி, எழுத்துப்படி.”

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். பதில் சரியாகத்தான் இருந்தது. பொய்க் கணக்கு இல்லை, மறைப்பு இல்லை. தான் வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டோம் என்று அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

மேலாளர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தட்டிக் காட்டினார். அவள் பேனாவைத் திறந்தாள்.

மேலாளருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அண்ணனிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல செய்தி சொல்லலாம் என்ற சந்தோஷம் வேறு.

“ஊரான் புயலைப் போய் வட்டிக்கு ஆசைப்பட்டு ஒருத்தன் வாங்கினானா? யாருங்க அந்த இளிச்சவாயன்?”

“அது எங்களுக்கே தெரியாது சார், தரகர் வழியாப் போயிடும்” என்று அதிகாரியும் சேர்ந்து சிரித்தார். “புயல் பத்திரம்னு பேர் வெச்சா யார் வாங்குவா? நான்தான் ஒரு வாரம் உக்காந்து யோசிச்சு அழகா ஒரு பேர் வெச்சேன். கடற்கரை இல்லம்.”

அவள் பேனாவை மூடினாள். ஸ்பீக்கரில் அதிகாரி இரண்டு முறை “ஹலோ” என்றார்.

மேலாளர் அந்தப் பன்னிரண்டாவது புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதலுக்கு மோசம் இல்லன்னு நான் சொன்னது சரிதாம்மா” என்றார். “யாரோட முதலுக்குன்னுதான் பார்க்கல.”