ஜனவரி மாதப் படம்

வரும் கல்வியாண்டின் கையேட்டில் படங்கள் வேண்டும் என்பதால், இன்னும் நடக்காத நிகழ்ச்சிகளை எல்லாம் ஒரே மதியத்தில் எடுத்து முடிக்கச் சொல்லிவிட்டார் கல்லூரி முதல்வர் ஞானதாசன். பேனர்கள் மாறின, ஆட்கள் மாறவில்லை. ஜூன் யோகா தினத்துக்குக் கால்களை மடக்கினார்கள். அக்டோபர் ரத்ததான முகாமுக்குக் கையை நீட்டினார்கள். டிசம்பருக்குத் தெர்மோகோல் கேக்கை வெட்டினார்கள். சிகிச்சையில் முடி கொட்டி, தலையில் துணி கட்டி வந்திருந்த வரலாற்றுத் துறைப் பேராசிரியை ஹெப்சிபா எல்லாப் படத்திலும் முன்வரிசையில் சிரித்தாள். அடுத்து ஜனவரி பேனரைக் கட்டினார்கள்: இரங்கல் கூட்டம். மேசைமேல் படமில்லாத வெறும் சட்டம் ஒன்றை நிறுத்தி மாலை போட்டார்கள். ஹெப்சிபா தன் நாற்காலிக்குப் போனாள்.

"மேடம், இதுல நீங்க வேண்டாமே," என்றார் முதல்வர், தரையைப் பார்த்தபடி.

"யாருக்கு சார் கூட்டம்?"

"வருஷத்துக்கு ஒண்ணு வந்துருதுல்ல. பேரை அப்புறமா போட்டுக்கலாம்."

அவளைச் சும்மா நிறுத்திவைக்க அவருக்கே சங்கடமாக இருந்தது. படமெடுத்துக்கொண்டிருந்தவரிடமிருந்து கேமராவை வாங்கி அவள் கையில் கொடுத்தார். "நீங்களே எடுத்துக் குடுங்களேன்."

அவள் நாற்காலி காலியாகத் தெரியக்கூடாதென்று ஆங்கிலத் துறை லில்லி அதில் நகர்ந்து உட்கார்ந்தாள். எல்லோரும் தலை குனிந்தார்கள். ஹெப்சிபா கேமரா வழியாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பொத்தானை அழுத்தவில்லை.

"ஒருத்தர் கண்ணும் கலங்கலையே," என்றாள். "நல்லா அழுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."