டேங்குக்கு அடியில்

வெயில் பட்டறை வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே, நெடும்பயணத்துக்கென்றே செய்த அந்தப் பழைய பைக்கின் பெட்ரோல் டேங்கைக் கழற்றி மெக்கானிக் பெஞ்சின் மேல் வைக்கிறார். எங்கெங்கோ தேடி வாங்கிய ரெகுலேட்டரை அட்டைப்பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள். அதை மாற்றினால் பேட்டரி சார்ஜ் ஏறும், வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். ஆனால் மெக்கானிக்கின் கை பாதியில் நிற்கிறது. கருகிய பிளாஸ்டிக் நெடி குப்பென்று எழுகிறது. டேங்க் இருந்த இடத்துக்கு அடியில் ஒயர்கள் உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கரிக்கட்டையாகக் கிடக்கின்றன. அவற்றை உரசிக்கொண்டு போகும் பெட்ரோல் குழாய் ஓரிடத்தில் வெந்து கொப்பளித்திருக்கிறது. அவர் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, பிளையரால் எதையோ பிடுங்கி வெளிச்சத்தில் காட்டுகிறார். வெட்டிய ஆணித் துண்டு. "ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்துல ஆணி! யாரு சார் இந்த வேலையப் பார்த்தது?" அவள் கணவன் பிடரியைச் சொறிகிறான். "ஃபியூஸ் அடிக்கடி போயிட்டே இருந்துச்சுண்ணே. போற வழியில வம்பு வேணாம்னு, இனிமே போகவே போகாத மாதிரி நான்தான்..." குரலில் இன்னும் கொஞ்சம் பெருமை மிச்சமிருக்கிறது. அவள் அட்டைப்பெட்டியைக் கீழே வைக்கிறாள். எழுந்து போய் டேங்கைத் தொட்டுப் பார்க்கிறாள். சில்லென்றிருக்கிறது. "நேத்து மலையிறங்கும்போது," என்கிறாள், அவனைப் பார்க்காமல், "பாப்பா இதுமேல கன்னத்த வச்சுப் படுத்துக்கிட்டு, குளிருக்குக் கதகதன்னு இருக்குப்பான்னு சொன்னா. நீங்க சிரிச்சீங்க."