சாட்சிக்குப் போனவள்

முனிரத்தினம் துப்பாக்கியை மகளின் மடியில் வைத்துவிட்டு, "நீயே சுடு" என்றார்.

ஜெயக்கொடி இதை எதிர்பார்க்கவில்லை. அவள் வந்தது வேடிக்கை பார்க்க.

அதுவும் அவளாக வரவில்லை. துரைராஜ் மாமா அனுப்பிவைத்தார். அம்மாவுக்கு அண்ணன். அப்பா வேட்டைக்குக் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்று வாயைத் திறந்தே சொல்லிவிட்டார்.

"புள்ளையையும் இட்டுக்கினு போ மாப்ளே. ஒரு சாட்சி இருக்கட்டும்."

அப்பா உள்ளே போய் மகளுக்கு ஒரு தொப்பி தேடி எடுத்து வந்தார்.

ஊரில் மற்றவர்கள் பிள்ளைகளை வண்டலூரில் புதிதாகத் திறந்த மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போன வருடம் அது.

செம்பாக்கம் ஏரியைத் தாண்டி, முன்பு அவர்கள் கம்பு விதைத்த மேட்டு நிலம். எல்லாம் மனைகளாகிவிட்டது. கல் நட்டதோடு சரி, வீடு கட்ட யாரும் வரவில்லை. பயிரைக் காக்க என்று வாங்கிய துப்பாக்கி லைசென்ஸ் மட்டும் தவறாமல் புதுப்பிக்கப்பட்டு வந்தது. பயிர் எங்கே என்று அரசாங்கம் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

குழலை ஒரு மனைக்கல் மேல் சாய்க்கச் சொன்னார். கட்டையைத் தோளோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார்.

"மூச்ச அடக்கு. வெடுக்குனு இழுக்காத. மெதுவா அமுக்கு."

எல்லாம் சரியாகத்தான் சொன்னார்.

வேலிகாத்தான் புதருக்குள்ளிருந்து நான்கைந்து கவுதாரிகள் வந்தன. அவசரம் இல்லாத நடை. ஓரிடத்தில் நின்று எதையோ கொத்தின.

அவள் அமுக்கினாள்.

கண்ணெதிரே வானம் இருந்தது. மல்லாந்து கிடக்கிறோம் என்று புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

எழுந்து பார்த்தால், அப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்களை இறுக மூடியிருந்தார். சத்தம் எப்போதோ ஓய்ந்துவிட்டிருந்தது.

"விழுந்துச்சா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

இரண்டு விழுந்திருந்தன. ஒன்று அசையவில்லை. இன்னொன்று ஒரு பக்கச் சிறகால் மண்ணை அடித்துக்கொண்டிருந்தது.

"நீ போய் எடுத்துக்கினு வா. சுட்டவங்கதான் எடுக்கணும். அதான் முறை."

போய் எடுத்தாள். நினைத்ததைவிடச் சூடாக இருந்தது. கையில் இருக்கும்போதே சிறகு நின்றுபோயிற்று. அழுகை வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். அப்பா மனைக்கல்லில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

தெருமுனை வந்ததும் கவுதாரிகளை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

வாசலில் மாமா உட்கார்ந்திருந்தார்.

"இன்னா ஜெயக்கொடி, யாரு சுட்டது?"

அப்பா குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார். அவ்வளவு நேரம் கழற்றுவதற்கு அந்தச் செருப்பில் எதுவும் இல்லை.

"அப்பாதான் மாமா. நான் பாத்துக்கினுதான இருந்தேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. குனிந்திருந்த அப்பாவின் பிடரி பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால் இருக்கலாம்.

டீ வருவதற்குள் அப்பாவின் பேச்சில் கவுதாரிகள் பறக்கத் தொடங்கிவிட்டன. டம்ளர் காலியாவதற்குள் அப்பா அவற்றை ஓடிக்கொண்டே சுட்டிருந்தார்.

மாமாவின் சிரிப்பு இடத்தைவிட்டு நகரவில்லை. "தாம்பரம் மார்க்கெட்டுலகூட கவுதாரி நல்லா கிடைக்குதாமே" என்றார், சுவரைப் பார்த்து.

சமையலறையில் அம்மா பச்சையம்மா கறியை அரிந்துகொண்டிருந்தாள். ஜெயக்கொடி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

அரிவாள்மணையில் ஏதோ இடறியது. அம்மா கறிக்குள் விரலை விட்டு அதை எடுத்தாள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஈயக் குண்டு. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆனதுலேருந்து உங்கப்பா கொண்டாந்த கவுதாரிய நான்தான் அரியறேன்" என்றாள் தணிந்த குரலில். "ஒண்ணுலகூட இது இருந்ததில்ல. கழுத்துல கண்ணிக் கயிறு அறுத்த தடம்தான் இருக்கும்."

ஜெயக்கொடி வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா குண்டை அலம்பி, முந்தானை முனையில் முடிந்துகொண்டாள்.

மத்தியானம் ஆண்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா பரிமாறினாள். அவளுடைய முந்தானை முடிச்சு அவிழ்ந்திருந்தது. அண்ணனுக்கு என்று ஒரு தொடைக்கறியைத் தேடி எடுத்து வைத்தாள்.

மாமா ஒரு கடி கடித்தார். நிறுத்தினார். வாய்க்குள் விரலை விட்டு எதையோ எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். 'டிங்' என்று சின்னதாக ஒரு சத்தம்.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு இல்லை.

"மாப்ளே," என்றார், "அடுத்த ஞாயித்துக்கெயம நானும் வரேன்."

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

மாமா எழுந்து கை கழுவப் போகும்வரை அம்மா காத்திருந்தாள். பிறகு குனிந்து அப்பாவின் தட்டில் குழம்பு ஊற்றினாள்.

"சாப்பிடுங்க. இன்னும் ஒரு வாரம் கீது" என்றாள். "ஜெயக்கொடி சொல்லித்தருவா."