காதில்லாத தகடு

"தகடு இருக்கு. காது எங்கம்மா?"

இன்சூரன்ஸ் சார் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

செங்கமலம் வாசலிலேயே நின்றாள். மாட்டுக் காதில் குத்துகிற, நம்பர் போட்ட தகடு அவர் உள்ளங்கையில் பளபளத்தது.

இன்சூரன்ஸ் சார் காசிநாதன் பெரம்பலூரில் பஸ் ஏறி, அரியலூரில் மாறி, திருமானூரில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்திருந்தார். கொள்ளிடத்தில் வெள்ளம் வடிந்து ஐந்து நாளாகியிருந்தது. தெருவில் ஆண்கள் ஒருவரும் இல்லை. விடிந்ததும் கரையோடு கிழக்கே போய்விட்டு இருட்டினால்தான் திரும்புகிறார்கள்.

காலையிலிருந்து அவர் பதினேழு காது பார்த்துவிட்டார். பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள்கூடச் செத்த மாட்டின் காதைத் தகட்டோடு அறுத்து, உப்பில் புரட்டி, இலையில் மடித்துக் கொடுத்திருந்தாள். அதுதான் முறை. காது இருந்தால்தான் மாடு செத்ததாக ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்டால் பாங்குக் கடன் தீரும், வேறு மாடு வரும். இல்லாவிட்டால் இல்லாத மாட்டுக்குத் தவணை கட்ட வேண்டியதுதான்.

செங்கமலத்தின் மாடு ஆற்றோடு போய்விட்டது. தகடு மட்டும் மிளகாய்ப் பானையில் இருந்தது.

அவள் மெல்லச் சொன்னாள். தகடு குத்திய இடம் ஆடி மாதத்தில் புழுத்துவிட்டது. மாடு தலையை உதறி உதறிப் பால் வற்றியது. புருஷன் அரியமுத்துதான் குறடு வைத்துத் தகட்டைக் கழற்றி, காதுக்கு வேப்பெண்ணெய் போட்டான். அரசாங்கத்துச் சாமான் தொலைந்தால் கேள்வி வரும் என்று புளி போட்டுத் துலக்கிப் பானைக்குள் வைத்ததும் அவன்தான்.

காசிநாதன் அலுப்போடு சிரித்தார். தொலைத்திருந்தால்கூட நம்பியிருப்பேன், பத்திரமாக வைத்ததுதான் தப்பு என்றார். தகடு பானையிலும் மாடு சந்தையிலுமாக, விற்ற மாட்டுக்குப் பணம் கேட்டவர்களை எத்தனையோ ஊரில் பார்த்தவர் அவர்.

இருந்தாலும் குப்புறக் கிடந்த உரல்மேல் உட்கார்ந்து நஷ்ட ஈட்டுப் பாரத்தைப் பிரித்தார். மாடு என்ன நிறம், எத்தனையாவது ஈத்து, எங்கே கட்டியிருந்தது. கேட்டதற்கு மட்டும் அவள் பதில் சொன்னாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

எழுதிக்கொண்டே அவர் பேசினார். மெட்ராஸ் ஆபீஸிலிருந்து அச்சடித்த தாள் ஒன்று வந்திருக்கிறதாம். இந்த வருஷம் உலகம் பூராவும் இப்படித்தானாம். ஒரு தேசத்தில் பூமி பிளந்தது, ஒரு தேசத்தில் புயல், இன்னொன்றில் தேங்காய் தேங்காயாக ஆலங்கட்டி. அழிந்ததில் பாதிக்கு மேல் இன்சூரன்ஸே செய்யாததாம். யாரும் எதுவும் கொடுக்கமாட்டார்கள்.

"உலகக் கணக்குல பார்த்தா நீ கொடுத்து வச்சவ. போனதுக்கு இன்சூரன்ஸ் இருக்கு."

அவள் தலையாட்டினாள். வெள்ளம் வந்ததிலிருந்து யார் எதைச் சொன்னாலும் அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பாரத்தில் இரண்டு இடம் பாக்கி இருந்தது. மாடு போனதைக் கண்ணால் பார்த்தவர் யார் என்று கேட்டார். வீட்டுக்காரர்தான் என்றாள். கடன் யார் பேரில் என்று கேட்டார். அதுவும் அவர்தான் என்றாள். அப்படியானால் கூப்பிடு, வந்து கையெழுத்துப் போடட்டும் என்றார்.

அவள் நகரவில்லை.

காசிநாதன் குனிந்தபடியே பேனாவை உதறினார். ஆட்டம் புரிந்துவிட்டவரின் கேலி அவர் குரலில் இருந்தது.

"எங்க உம் புருஷன்? மாட்ட ஓட்டிக்கிட்டு அவரும் கெளம்பிட்டாரா?"

"ஆமாங்க சார், மாட்டோடதான் போனாரு" என்றாள் செங்கமலம். "தண்ணியில கயிறு நழுவிடும்னு கையில சுத்திக்கிட்டாரு."

பேனா நின்றது.

அப்போதுதான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் பொட்டு இருந்தது. கழுத்தில் தாலி இருந்தது. உடம்பு கிடைக்கிறவரை எடுக்கக் கூடாது என்று தெருவில் சொல்லிவிட்டார்கள்.

காசிநாதன் பேனாவை மூடினார். தகட்டைப் பாரத்தோடு சேர்த்துக் குண்டூசியால் குத்த முயன்றார். இரண்டு முறை விரலில் குத்திக்கொண்டார். பிறகு அப்படியே மடித்துப் பைக்குள் வைத்தார்.

எழுந்தார். ஏதோ சொல்ல வாய் திறந்ததுபோல இருந்தது. அவள் அதற்கும் தலையாட்டத் தயாராக நின்றாள்.

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தார்.